கட்டைவிரலை எடுக்கத் தெரியவில்லை

மூன்று குளிர்காலங்களுக்கு முன் நடந்த விஷயம். எனக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. நான் ஓட்டிய ஸ்னோமொபைலின், அதாவது பனியில் ஓடும் வண்டியின், முன்பக்க பிளாஸ்டிக்கில் ஒரு விரிசல், அவ்வளவுதான். கூட வந்தவர்கள் அன்று ராத்திரியே அதை மறந்துவிட்டார்கள். எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது சில சமயம் என் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். நிறுத்த வேண்டும் என்று நான் நினைத்த அதே நொடியில் வேகத்தைக் கூட்டியது இந்தக் கைதான்.

அதற்குப் பிறகு ஸ்னோமொபைல் ஓட்டப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நிறுத்திவைத்துப் பேச ஆரம்பித்துவிடுவேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "இத்தனை வருஷம் பைக் ஓட்டியிருக்கேன், இதுல என்ன இருக்கு?" முன்னால் ஹேண்டில்பார், நடுவில் சீட், காலை இருபுறமும் போட்டு உட்கார வேண்டும். பார்த்தால் பைக்கின் உறவுக்கார வண்டி மாதிரிதான் இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினான்கு வருஷம் பைக் ஓட்டியவன். மழையில், மணலில், தெருவிளக்கு இல்லாத ரோட்டில் எல்லாம் ஓட்டிய கை. அந்தக் கையை நம்பித்தான் பனியில் இறங்கினேன்.

ஒன்றுமே ஓட்டத் தெரியாதவர்களைவிட, பைக் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள்தான் முதல் நாள் ஸ்னோமொபைலில் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். ஹெல்மெட் போடு, மெதுவாகப் போ, தனியாகப் போகாதே என்று எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

அந்த இடது வளைவு

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நண்பனின் அண்ணன். பன்னிரண்டு குளிர்காலமாக ஓட்டுகிறவர். கிளம்புவதற்கு முன் இருபது நிமிஷம் செலவழித்து எல்லாவற்றையும் காட்டினார். வலது கைப்பிடிக்குக் கீழே சின்னதாக ஒரு நெம்புகோல், அதுதான் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில். கட்டைவிரலால் அழுத்த வேண்டும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். பிரேக் இடது கையில். கியர் இல்லை, கிளட்ச் நெம்புகோல் இல்லை, காலுக்கு வேலையே இல்லை. கட்டைவிரல் எட்டும் தூரத்தில் என்ஜினை அணைக்கும் சிவப்புப் பொத்தான். கடைசியாக டெதர் என்கிற சுருள் கயிறு: ஒரு முனை வண்டியில், மறுமுனை நம் ஜாக்கெட்டில். நாம் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், என்ஜின் நின்றுவிடும்.

எல்லாம் காதில் விழுந்தது. அன்றைக்கு யாராவது கேள்வித்தாள் கொடுத்திருந்தால் நூற்றுக்கு நூறு எழுதியிருப்பேன். பிரேக் எந்தக் கையில் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். என்னை இன்னும் குடைவது அதுதான். தெரியாமல் செய்த தப்பு என்றால் தெரிந்துகொண்டதோடு முடிந்திருக்கும்.

இன்னொன்றும் செய்யச் சொன்னார். என்ஜினைப் போடும் முன் த்ராட்டிலை முழுசாக அழுத்தி விட வேண்டும். 'டக்' என்று திரும்ப வருகிறதா பார்க்க வேண்டும். அப்புறம் பிரேக்கை இறுக்கிப் பிடித்து விட வேண்டும். இரண்டு மூன்று தடவை. ஒவ்வொரு முறை நிறுத்திக் கிளம்பும்போதும் இதே கதை. முதல் தடவை ஒழுங்காகச் செய்தேன். இரண்டாவது நிறுத்தத்தில் அவர் பார்க்கிறாரே என்பதற்காகச் செய்தேன். மூன்றாவதில் செய்யவே இல்லை. வண்டி நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

நான்கு வண்டிகள், நான் கடைசி. படம் எடுக்க நின்றதில் கொஞ்சம் பின்தங்கிவிட்டேன். பிடித்துவிட வேண்டும் என்று வேகத்தைக் கூட்டினேன். புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லாருமே செய்கிற வேலை இது: முன்னால் போகிறவரின் வேகத்தைத் தன் வேகம் என்று எடுத்துக்கொள்வது. இருபுறமும் ஊசியிலை மரங்கள், நடுவில் இறுகிய பனிப்பாதை. முன்னால் போன வண்டி கிளப்பிய பனித்தூள் காற்றில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, வெள்ளைத் திரை போட்ட மாதிரி. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். அந்தத் திரையைத் தாண்டியதும் பாதை இடது பக்கம் வளைந்தது.

ஹேண்டிலைத் திருப்பினேன். முன்னால் இருக்கும் சறுக்குப் பலகைகள், அதாவது ஸ்கீ, இரண்டும் இடது பக்கம் திரும்பியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் வண்டி நேராகப் போகிறது. பனியைக் கீறும் சத்தம் வருகிறதே தவிரத் திரும்பவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. த்ராட்டிலை அழுத்திக்கொண்டே இருந்தால் எடை பின்பக்கம், சக்கரத்துக்குப் பதிலாகச் சுற்றும் ரப்பர் பட்டையான டிராக்கின் மேல் போய்விடும். முன்னால் இருக்கும் ஸ்கீக்குப் பிடிப்பு கிடைக்காது. வளைவுக்கு முன்பே கட்டைவிரலைத் தளர்த்தினால் எடை முன்னால் வரும், ஸ்கீ கடித்துக்கொள்ளும், அப்புறம் லேசாக அழுத்தி வளைவை விட்டு வெளியே வரலாம். நான் நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன்.

மரங்கள் கிட்டே வந்தன. வலது கையின் நான்கு விரல்களும் முன்னால் நீண்டு மடங்கின. பைக்கில் முன் பிரேக் இருக்கும் இடம் அது. அங்கே ஒன்றும் இல்லை. காற்றைப் பிடித்த விரல்கள் கைப்பிடியின் மேலேயே இறுகின. முஷ்டி மூடும்போது கட்டைவிரல் மட்டும் தனியாக நிற்காது, அதுவும் சேர்ந்து மூடும். அந்தக் கட்டைவிரலுக்கும் கைப்பிடிக்கும் நடுவில்தான் த்ராட்டில் இருந்தது. கூடவே வலது கால் கால்பலகையை ஓங்கி மிதித்தது, பின் பிரேக்கைத் தேடி. உண்மையான பிரேக் இடது கை விரல்களுக்கு ஒரு அங்குலம் முன்னால் சும்மா இருந்தது. பதினான்கு வருஷமாக அந்த இடத்தில் கிளட்ச். பயந்துபோன நேரத்தில் நான் முதலில் தேடுவது ஒருநாளும் கிளட்சை இல்லை.

என்ஜின் அலறியது. அப்போது மனசில் வந்தது ஒரே ஒரு நினைப்பு: த்ராட்டில் மாட்டிக்கொண்டுவிட்டது. சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். வண்டி பாதையை விட்டு இறங்கி, மூக்கு மெத்தென்ற பனிக்குள் புதைந்தது. நான் பக்கவாட்டில் தூக்கி எறியப்பட்டேன். ஜாக்கெட்டை யாரோ பிடித்து இழுத்த மாதிரி ஒரு வெடுக். அடுத்த கணம் சத்தமே இல்லை. கழுத்துப்பட்டைக்குள் பனி இறங்கி உருகுவதுதான் முதலில் உறைத்தது. நெஞ்சுக்குப் பக்கத்தில் சிவப்புச் சுருள் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கை தூரத்தில் ஒரு மரம்.

அண்ணன் திரும்பி வந்தார். பின்னால் வருகிறவரின் விளக்கு கண்ணாடியில் தெரியவில்லை என்றால் நின்றுவிட வேண்டும் என்பது அவர்கள் குழுவில் வழக்கம். அதனால் ரொம்ப நேரம் ஆகவில்லை. கழுத்தை அசைக்கச் சொன்னார், முட்டியை மடக்கச் சொன்னார், பெயரையும் கிழமையையும் கேட்டார். எல்லாம் சரி என்றதும் நான் சொன்னேன்: "அண்ணா, த்ராட்டில் மாட்டிக்கிச்சு."

அவர் மறுக்கவில்லை. பனியில் இடுப்பளவு இறங்கி வண்டிக்குப் போனார். என்ஜின் நின்றிருந்தது. த்ராட்டிலை முழுசாக அழுத்தி விட்டார். டக். மறுபடியும் அழுத்தி விட்டார். டக். ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பிவைத்து அதே மாதிரி செய்து பார்த்தார். டக், டக்.

"இது சரியாத்தான் இருக்கு தம்பி." கொஞ்சம் நிறுத்தி, "நீ பைக் ஓட்டுவல்ல?" என்றார்.

"ஆமாண்ணா."

"கையைப் பாரு."

பார்த்தேன். அவ்வளவு நேரம் ஆகியும் க்ளவுசுக்குள் என் வலது கை மூடியே இருந்தது.

கை தெரிந்துவைத்திருப்பது

அன்றைக்கு அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியை நானே யோசித்து யோசித்துத்தான் சேர்த்துக்கொண்டேன். ஓட்டத் தெரியும் என்று நாம் சொல்வதில் பாதி மூளைக்குத் தெரிந்தது, பாதி கைக்குத் தெரிந்தது. நிதானமாகப் போகும்போது மூளை ஓட்டுகிறது. பயம் வந்ததும் அதற்கு நேரமில்லை, கை எடுத்துக்கொள்கிறது. என் கைக்குத் தெரிந்ததெல்லாம் வேறொரு வண்டி.

அப்படி யோசித்தபோது பைக்கிலிருந்து நான் கொண்டுவந்த மற்ற பழக்கங்களும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முக்கியமாகக் கால். பைக் சாய்ந்தால் அந்தப் பக்கக் காலைத் தரையில் ஊன்றித் தாங்குவோம், யோசிக்கவே மாட்டோம். ஸ்னோமொபைலில் அதைச் செய்யவே கூடாது. 250 கிலோவுக்குப் பக்கத்தில் எடையுள்ள வண்டி. ஓடும்போது கால் வெளியே போனால் பனியில் மாட்டி முழங்கால் திருகிவிடும், இல்லையென்றால் சாயும் வண்டிக்கு அடியில் சிக்கும். கால் எப்போதும் பலகைக்குள் இருக்க வேண்டும். வண்டி கவிழப்போகிறது என்று தெரிந்தால் அதைப் பிடித்துக் காப்பாற்ற நினைக்காமல் விலகி விழுந்துவிடுவதுதான் நல்லது. வண்டியை நிமிர்த்திக்கொள்ளலாம்.

அடுத்தது சாய்வது. பைக்கில் வண்டியும் நாமும் சேர்ந்து சாய்வோம். இறுகிய பாதையில் ஸ்னோமொபைல் தட்டையாகவே இருக்க வேண்டும். நாம் மட்டும் சீட்டில் நகர்ந்து வளைவின் உள்பக்கம் எடையைப் போட வேண்டும். பைக் ஓட்டிப் பழகியவர்கள் சீட்டின் நடுவில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துகொண்டு ஹேண்டிலால் மட்டுமே திருப்பப் பார்ப்பார்கள். மேடு பள்ளத்தில்கூட உட்கார்ந்தே போய் முதுகெலும்பில் அடி வாங்குவார்கள். முட்டியை லேசாக மடக்கி எழுந்து நின்றால் அந்த அடியைக் கால் வாங்கிக்கொள்ளும்.

பிரேக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வண்டியில் கட்டைவிரலை எடுப்பதே பாதி பிரேக். டிராக் பனியை இழுத்துக்கொண்டு ஓடுவதால் த்ராட்டிலை விட்டதுமே வேகம் சடாரென்று விழும். பிரேக்கை ஒரேயடியாக இறுக்கினால் டிராக் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்க ஆரம்பிக்கும், ஹேண்டிலைத் திருப்பினாலும் திரும்பாது. ஆக அந்த இடது வளைவில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு விரலைத் தூக்கியிருக்க வேண்டும்.

இதை விளையாட்டு வண்டி என்று சொல்லக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இதன் கதை அப்படித் தொடங்கவில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்ற ஊரில் கராஜ் வைத்திருந்தவர் ஜோசப்-அர்மாண்ட் பாம்பார்டியர். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி முற்றிவிட்டது. பனியில் பாதையெல்லாம் மூடிக்கிடக்க, குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் இழந்தார். பனியில் ஓடும் வண்டிக்காக ஏற்கெனவே முயன்றுகொண்டிருந்தவர் அதன்பின் அதிலேயே மூழ்கினார். பற்சக்கரமும் ரப்பர் டிராக்கும் சேர்ந்த அமைப்புக்கு 1937இல் காப்புரிமை வாங்கினார். ஏழு பேர் உட்காரும் வண்டிதான் முதலில் வந்தது. ஆளுக்கொன்றாக ஓட்டும் ஸ்கி-டூ என்ற ஸ்னோமொபைல் 1959இல்தான். ஒருவரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற தவிப்பில் பிறந்த வண்டி இது. அதில் ஏறுகிறவர் பத்திரமாக இறங்க வேண்டாமா?

என்ஜின் போடும் முன்

அந்த 'டக்' விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த குளிர்காலத்தில் மறுபடியும் போனேன். இந்தத் தடவை ஒரு நிறுத்தத்தைக்கூட விடவில்லை. மூன்றாம் நாள் மதியம் சாப்பிட நிறுத்தி, முக்கால் மணி நேரம் கழித்து வந்தோம். த்ராட்டிலை அழுத்தி விட்டேன். டக் வரவில்லை. நெம்புகோல் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. ஓடும்போது நெம்புகோலைச் சுற்றி ஒட்டிய பனி, கைப்பிடிச் சூட்டில் உருகி, நிறுத்தியதும் உள்ளே மறுபடியும் உறைந்திருக்கிறது. கையால் பொத்திப் பிடித்து, ஊதி, அழுத்தி அழுத்தி விட்டதில் நாலைந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. பார்க்காமல் என்ஜினைப் போட்டிருந்தால் வண்டி அந்த நொடியே பாய்ந்திருக்கும். எனக்கு நேர் முன்னால் இன்னொரு வண்டியில் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். இப்படி மாட்டிக்கொண்டால் என்ஜினைத் தானே அணைக்கும் ஏற்பாடு சில வண்டிகளில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை.

ஆக, முதல் வருஷம் நான் விட்ட சோதனை வண்டிக்காகத்தான். ஆனால் அதில் இன்னொரு பலன் ஒளிந்திருப்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். நின்ற வண்டியில் ஒரு நாளைக்குப் பத்து தடவை கட்டைவிரலை அழுத்தி விடுகிறேன், இடது கையால் பிரேக்கைப் பிடித்து விடுகிறேன். பயம் இல்லாத நேரத்தில் கை அந்த வேலையைச் செய்து பார்க்கிறது. பழைய பாடத்தின் மேல் புதிய பாடத்தை எழுதுகிற மாதிரி. அண்ணன் இரண்டு மூன்று தடவை செய்யச் சொன்னதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது. இப்போது நான் சேர்த்துச் செய்வது: த்ராட்டிலை முழுசாக அழுத்தி, "மரம்" என்று மனசுக்குள் சொல்லி, விரலைப் படக்கென்று விரிப்பேன். பார்க்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். பரவாயில்லை.

மற்ற சோதனைகளையும் சொல்லிவிடுகிறேன். என்ஜினைப் போட்டதும் ஒரு தடவை சிவப்புப் பொத்தானை அழுத்தி அணைத்துப் பார்க்க வேண்டும், அப்புறம் போட்டு டெதரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். இருக்கிறது என்பதும் வேலை செய்கிறது என்பதும் வேறு வேறு. டெதரை ஜாக்கெட்டின் கெட்டியான வளையத்தில் மாட்ட வேண்டும். ஜிப்பின் நுனியில் மாட்டினால் ஜிப் பிய்ந்து வந்துவிடும், என்ஜின் நிற்காது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் டிராக் தரையோடு உறைந்திருக்கும். அது தெரியாமல் த்ராட்டிலை அழுத்தினால், என்ஜினின் விசையை டிராக்குக்குக் கொண்டுபோகும் டிரைவ் பெல்ட் கருகும். ஸ்கீயைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டி, பின்பக்கத்தைத் தூக்கிப் போட்டு விடுவித்த பிறகுதான் கிளம்ப வேண்டும். டிராக்கை அந்தரத்தில் சுற்றவிடும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது. அதிலிருந்து ஒரு பனிக்கட்டித் துண்டு பறந்தால் கல்லெறி மாதிரி. பெட்ரோலை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, வழி தவறினால் ஒரு பங்கு. உதிரி பெல்ட் கையில் இருக்க வேண்டும், மாற்றவும் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வராத ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

குளிரைச் சௌகரியம் சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் தப்பு. வெளியே மைனஸ் 10 டிகிரி என்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது தோலுக்கு அது மைனஸ் 23 மாதிரி. முதலில் மரத்துப்போவது விரல். மரத்துப்போன கட்டைவிரலுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது. எடுத்துவிட்டோம் என்று நினைக்கும்போது பாதி அழுத்தத்தில் இருக்கும். சில வண்டிகளில் கைப்பிடிக்கு மட்டுமல்லாமல் த்ராட்டில் நெம்புகோலுக்கும் தனியாகச் சூடேற்றும் வசதி வைத்திருப்பதைப் பார்த்தபோது, இதைச் செய்தவருக்குக் குளிர் தெரியும் என்று தோன்றியது. விரல் உணர்ச்சி குறைகிறது என்று பட்டதும் நிறுத்திவிடுவேன். குழு காத்திருக்கட்டும்.

குடித்துவிட்டு ஓட்டுவதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. செய்யக் கூடாது.

உறைந்த ஏரி

பழக்கம் ஏமாற்றும் இன்னொரு இடம் ஏரி. இங்கே ஏமாறுவது கண். ரோட்டில் டயர் தடம் இருந்தால் அது பாதை என்று எடுத்துக்கொள்வோம். உறைந்த ஏரியின் மேல் ஸ்னோமொபைல் தடம் நீளமாக ஓடுவதைப் பார்த்ததும் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒருவர் போயிருக்கிறார், நாமும் போகலாம். அண்ணன் தலையை ஆட்டினார். "அவர் எப்ப போனாருன்னு தெரியுமா? கரை சேர்ந்தாரான்னு தெரியுமா?"

எத்தனை தடிமன் இருந்தால் போகலாம் என்பதற்கு ஒரே எண் கிடையாது. மின்னசோட்டா மாநில இயற்கை வளத்துறை, ஸ்னோமொபைலுக்கு 5 முதல் 7 அங்குலம், அதாவது சுமார் 13 முதல் 18 சென்டிமீட்டர் என்கிறது. கனடா செஞ்சிலுவைச் சங்கம் 25 சென்டிமீட்டர் என்கிறது. நான் பெரிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்வேன். அதுவும் தெளிவான, நீலம் பாய்ந்த புதுப் பனிக்கட்டிக்குச் சொன்னது. பனி விழுந்து ஊறி உறைந்த வெள்ளைக் கட்டிக்குப் பாதி பலம்தான். ஒரு ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே தடிமனும் இருக்காது. ஓடை வந்து சேரும் இடம், இரண்டு கரையும் நெருங்கும் இடம், பாலத்தின் அடி, படகுத்துறையின் ஓரம் எல்லாம் மெலிந்திருக்கும், ஏனென்றால் கீழே தண்ணீர் நகர்ந்துகொண்டிருக்கும். மேலே பனி மெத்தை போட்டிருந்தால் அது போர்வை மாதிரி. அடியில் கட்டி தடிப்பதையே தாமதப்படுத்தும். துளை போட்டு அளந்து பார்த்தாலும் அது அந்த இடத்துக்கு மட்டுமான பதில்.

கட்டி தாங்கினாலும் வெறும் கண்ணாடி மாதிரிப் பரப்பில் ஸ்கீக்கும் டிராக்குக்கும் பிடிப்பு குறைவு. திருப்பினாலும் பிரேக் பிடித்தாலும் தாமதமாகத்தான் கேட்கும். நிறைய வண்டிகளில் டிராக் வாரியடிக்கும் பனிதான் என்ஜினைக் குளிரவைக்கிறது. பனித்தூள் இல்லாத ஏரியில் அது சீக்கிரம் சூடாகிவிடும் என்பதையும் நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கிளம்பும் முன்பே மனசில் ஓட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்ப்ரெக்ட் குளிர்ந்த நீரில் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தவர்; பலமுறை தானே அந்தத் தண்ணீரில் இறங்கிக் காட்டியவர். அவர் சொல்லித்தரும் கணக்கு 1-10-1. முதல் 1 நிமிஷம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர. அந்த நேரத்தில் மூச்சு தாறுமாறாக வாங்கும், தண்ணீரைக் குடித்துவிடாமல் தலையை மேலே வைத்திருந்தால் போதும். அடுத்த 10 நிமிஷம் கை கால் சொன்னபடி கேட்கும். வெளியேற முயல வேண்டியது அப்போதுதான். குளிரில் நினைவு தப்புவதற்குக் கிட்டத்தட்ட 1 மணி நேரம் ஆகும். நிறையப் பேர் தண்ணீரில் விழுந்ததுமே உயிர் போய்விடும் என்று நினைத்து, அந்தப் பத்து நிமிஷத்தைப் பதற்றத்தில் வீணாக்கிவிடுகிறார்கள். வந்த திசைக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அதுவரை நம்மைத் தாங்கிய கட்டி அங்கேதான் இருக்கிறது. முழங்கையை விளிம்பில் போட்டு, காலை நீச்சல் மாதிரி உதைத்து, வயிற்றால் மேலே சறுக்க வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும். இதற்காகவே கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு ஜோடி கூர்முனைக் கைப்பிடிகள் உண்டு. ஈரமான கட்டியில் குத்திப் பிடித்து ஏற உதவும். அதை முதுகுப்பையில் வைத்திருந்தால் எடுக்க முடியாது. கழுத்தில்தான் இருக்க வேண்டும்.

இருட்டில் ஏரி இன்னும் மோசம். மணிக்கு 65 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 18 மீட்டர். என்னவோ தெரிகிறதே என்று உறைப்பதற்கு ஒன்றரை நொடி ஆனால் அதற்குள் 27 மீட்டர் போயிருப்போம், கட்டைவிரல் இன்னும் அசைந்திருக்காது. விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறதோ அதற்குள் நிற்கிற வேகம் எதுவோ அதுதான் ராத்திரி வேகம். நான் ராத்திரியில் ஏரிப் பக்கம் போவதில்லை.

போன மாதம்

போன குளிர்காலம் வரை நான் கற்றுக்கொள்கிறவன். இந்த வருஷம் முதல்முறையாக ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது. கூட வேலை பார்க்கும் பையன், இருபத்தாறு வயது. பதினெட்டிலிருந்து பைக். வண்டியைப் பார்த்ததும் கண்ணில் ஒரு பளபளப்பு. "அண்ணா, நீங்க சும்மா பின்னாடி வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். அவன் குரலில் திமிர் இல்லை. தன் கையின் மேல் உண்மையான நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை எனக்குத் தெரிந்ததுதான்.

சாவியைக் கொடுக்கவில்லை. நின்ற வண்டியில் உட்காரவைத்தேன். த்ராட்டில், பிரேக், பொத்தான், டெதர் எல்லாம் காட்டினேன். "பிரேக் எந்தக் கை?" என்றேன். "இடது" என்றான் உடனே. அப்புறம் கண்ணை மூடச் சொன்னேன். வேகமாகப் போகிறாய், காற்று அடிக்கிறது, வளைவு வருகிறது என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்து, நடுவில் சத்தமாக, "மரம்!" என்றேன்.

வலது கையின் நான்கு விரல்களும் மடங்கின. கட்டைவிரலும் சேர்ந்து மூடியது. வலது கால் பலகையை மிதித்தது.

கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மறுபடியும் கண்ணை மூடச் சொன்னேன். இரண்டாவது தடவையும் அதேதான். ஐந்தாவதிலோ ஆறாவதிலோ இடது கை கொஞ்சம் அசைந்தது, ஆனால் கட்டைவிரல் எழவில்லை. பனி லேசாக விழ ஆரம்பித்திருந்தது. கூட வந்தவர்கள் என்ஜினைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஒருவர் கையைத் தூக்கி "என்னாச்சு?" என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் என்று சைகை காட்டினேன். அவன் தானாகவே கண்ணை மூடிக்கொண்டான்.

"மரம்!"

கட்டைவிரல் விரிந்தது. ஒரு கணம் தள்ளித்தான் இடது கை பிரேக்கைப் பிடித்தது, ஆனால் பிடித்தது. த்ராட்டில் டக்கென்று பழைய இடத்துக்கு வந்த சத்தம் எனக்கும் கேட்டது. இன்னும் நாலு தடவை செய்யவைத்தேன். அப்புறம் குனிந்து டெதரை அவன் ஜாக்கெட் வளையத்தில் மாட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைக் கொடுத்தேன்.